ஓடையில் ஓடிய நீலச் சாயம்

ஹட் பே

அன்புள்ள அம்மாவுக்கு, சோனியா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டுவலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

இதைப் பயப்படாமல் படியுங்கள். பெரிய வெளிநாட்டு ஃபேஷன் கம்பெனி ஒன்று தன் பிரம்புப் பைகளை இந்தத் தீவில்தான் செய்ய வைக்கிறது. இயற்கையைக் கெடுப்பதில்லை, வேலையாட்களுக்குக் குறை வைப்பதில்லை என்று அது சொல்வது உண்மையா என்று பார்த்து மதிப்பெண் போடத்தான் எங்கள் ஆபீஸில் என்னை அனுப்பினார்கள். பட்டறை மேனேஜர் கூடவே நின்றதால் அங்கே வேலை செய்யும் பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

"சாயத்தண்ணி ஒரு சொட்டுகூட வெளிய போகாது மேடம்" என்றார் அவர்.

பின்பக்க ஓடையைப் பார்க்கப் போனவள் வழுக்கி உள்ளே விழுந்தேன். எழுந்தபோது என் வெள்ளைச் சுடிதார் நீலமாகியிருந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயம் போடும் சகாயசெல்வி அக்கா என்னைத் தூக்கிவிட்டுத் தன் கைகளைக் காட்டினார்.

"எங்க கையும் இதே கலர்தான். கிளவுஸ் கேட்டா, ஹோ ஜாயேகா, ஆயிடும் ஆயிடும்னு இந்தியில சொல்லியே நாளைக் கடத்துறாங்க."

அதன்பிறகு எல்லோரும் பேசினார்கள். நான் குறைந்த மதிப்பெண்தான் போட்டேன். கம்பெனி பதறிப்போய்க் கையுறை அனுப்பிவிட்டது, சாயத்தண்ணீரைச் சுத்தப்படுத்தத் தொட்டியும் கட்டுகிறது. நேற்று அந்தப் பெண்கள் எனக்கு மீன்குழம்பு விருந்து வைத்தார்கள்.

நம் வீட்டு மசாலாப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். கூடவே நீங்கள் உடுத்திய பழைய சேலை ஒன்றும் வையுங்கள். இங்கே குளிரெல்லாம் இல்லை, சும்மாதான்.

கடிதத்தைக் கொண்டுபோகும் மார்ட்டின் அண்ணன் கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்கிறார்.

உங்கள் மகள்
சோனியா