அப்பாவின் ஒரு சொட்டு

12.7.2004, திங்கள்
காலையிலிருந்து மழை. கொல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு ஆட்டோகூட இல்லை. முழங்கால் தண்ணீரில் நடந்தே லேப்.

செல்களைப் பிரிக்கும் புது சிப் தயார். கண்ணாடி மேல் தங்கக் கோடுகள், நடுவே முடி அளவு வாய்க்கால். ஈஸ்ட் செல்களை ஓட விட்டேன். மின்புலம் கொடுத்ததும் உயிருள்ளவை கோட்டோரம் ஒட்டிக்கொண்டன. செத்தவை நீரோடு போயின. லேப் சீனியர் சுமித்-தா (இங்கே அண்ணனுக்கு 'தா') எட்டிப் பார்த்து, "தாருண், ரேவதி, தாருண்." வங்காளியில் பிரமாதம் என்று அர்த்தம். அவர் பாராட்டுவதே அபூர்வம்.

வாங்க: குடை. அப்பாவுக்கு மாதுளை (முகம் வெளிறிக் கிடக்கிறது).

14.7, புதன்
அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட். ரத்தப் புற்றுநோய். டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார். "சரி டாக்டர்" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி: "உன் மெஷின்தான் நல்லது கெட்டது பிரிக்குதே. அப்பா ரத்தத்தைப் பிரிக்கக் கூடாதா?"

"ஒரு சொட்டு ஓடவே மத்தியானம் பூரா ஆகும்மா."

"தினம் கொஞ்சம் கொஞ்சமா செய்யேன்."

"எலும்புக்குள்ள கெட்டது புதுசு புதுசா வந்துட்டே இருக்கும்மா."

ரசம் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே அணைக்கவில்லை.

16.7, வெள்ளி
திங்கள் முதல் கீமோ. அதற்குமுன் லேப் பார்க்கவேண்டுமாம் அப்பாவுக்கு. ஏன் என்று கேட்கத் தைரியமில்லை.

17.7, சனி
லேப் தலைவர் சார் ஊரில் இல்லை. அப்பா லேப்பில் உட்கார்ந்ததுமே விரலை நீட்டினார். "என்னோடதைப் போடு."

மனித ரத்தத்துக்கு அனுமதி எதுவும் கிடையாது. சுமித்-தாவைப் பார்த்தேன். "டீ குடிச்சிட்டு வரேன்" என்று வங்காளியில் சொல்லிவிட்டு வெளியே போனார்.

குத்தினேன். சர்க்கரைத் தண்ணீரில் கலந்தேன். முதலில் எல்லாம் ஒன்றாகவே ஓடின. மின்புலத்தின் அதிர்வெண்ணை மாற்ற மாற்ற, பெரிய செல்கள் மட்டும் ஓரத்துக்கு வந்தன. அவைதான் புற்றுச் செல்கள் என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.

அப்பா மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார்.

"கெட்டது எதும்மா?"

"ஓரத்துல ஒட்டி நிக்குதே, அது."

ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"கரண்டை நிறுத்தினா?"

"விட்டுடும்ப்பா. மத்ததோட கலந்து போயிடும்."

"அப்ப நிறுத்தாதே. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

இருந்தோம். சுமித்-தா பூட்ட வந்து நின்றார். ஸ்விட்சில் கை வைக்க என்னால் முடியவில்லை. அவரையே அணைக்கச் சொன்னேன்.