கேரியர் கழற்றாத சைக்கிள்

என் ஜீனத்துக்கு,

எட்டு மணி ஷிப்டுக்குத் தினமும் உன் வீட்டு வாசலில் வந்து நின்றவள் எழுதுகிறேன். இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பந்தயத்துக்குப் போய் வந்தேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. அதுவும் நாற்பத்துமூன்று வயதில். சிரிக்காதே.

நினைவிருக்கிறதா, போன வருஷம் ராஜபாளையத்தில் நம் பேண்டேஜ் யூனிட் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸ்? டிரையத்லான் என்ற அந்த வார்த்தையை நீதான் எழுத்துக் கூட்டி வாசித்தாய். புதிதாக வருகிறவர்களுக்கென்று குறைந்த தூரம் வைத்திருந்தார்கள். கண்மாயில் முந்நூறு மீட்டர் நீச்சல், வத்திராயிருப்பு ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் சைக்கிள், செண்பகத்தோப்புப் பக்கம் மூன்று கிலோமீட்டர் ஓட்டம். கூட்டாகச் சேர்ந்து ஆளுக்கொன்றாகவும் செய்யலாம் என்று போட்டிருந்தது. "நீஞ்ச நீ, மிதிக்க நான். ஓடுறதுக்கு, நம்ம ரெண்டு பேருல எவள நாய் தொரத்துதோ அவ" என்றாய். கட்டிங் டேபிளில் இருந்தவர்கள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பேர் கொடுப்பதற்குள் நீ ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய்.

நீ பிரித்தது சரியான பிரிவினைதான். வத்திராயிருப்பில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீந்தி வளர்ந்தவள் நான். சைக்கிள் உன்னுடையது. பத்தொன்பது வருஷம் நீ மிதித்தாய், நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். எனக்கு உறுத்தக்கூடாதென்று காயத்துக்குக் கட்டும் காஜ் துணியின் கழிவைத் திணித்து ஒரு மெத்தை தைத்துக் கேரியரில் கட்டி வைத்தாய். யூனிட்டுக்குப் போகும் வழியில் கண்மாய்க் கரை ஏற்றம் வந்தால் மட்டும் நான் குதித்து இறங்கி, கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடி வருவேன். கரை ஏறியதும் மறுபடி தொற்றிக்கொள்வேன். ஊர்க்கதை எல்லாவற்றையும் உன் முதுகிடம்தான் சொன்னேன்.

"ஏட்டி, நீயும் கத்துக்கயேன்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். "அதுக்குத்தான் நீ இருக்கேல்ல" என்பேன்.

ஒன்றை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. கடைசி ஆறேழு மாதம் சமதரையிலேயே உனக்கு மூச்சு வாங்கியது. "என்னமோ செய்யுதுட்டி" என்றாய். "வயசாகுதுல்ல, எண்ணெப் பலகாரத்தக் கொற" என்று பின்னாலிருந்து கிண்டல் செய்தேன். கிண்டல் செய்தபடியே உட்கார்ந்தும் வந்தேன். இதயத்தில் வால்வு பழுது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என்னுடைய எடைதான். அந்த மாதங்களில் நான் இறங்கி நடந்திருந்தால் நீ இருந்திருப்பாயா? டாக்டரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி யாரு பின்னாடிட்டி உக்காருவ?" என்று கேட்டாயே, அது விளையாட்டா, கவலையா?

இந்த வருஷமும் அதே நோட்டீஸை ஒட்டினார்கள். ஒற்றை ஆளாகப் பேர் கொடுத்துவிட்டு நேரே உன் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, ஜீனத் சைக்கிளத் தருவியளா?" என்று கேட்டேன். உன் வீட்டுக்காரர் எழுந்து சைக்கிளிடம் போனார். மூடியிருந்த போர்வையை எடுத்து, இரண்டு டயருக்கும் காற்றடித்துக் கொடுத்தார்.

உன் மகள் நஸ்ரின்தான் எனக்கு வாத்தியார். பள்ளிக்கூட மைதானத்தில் விடிந்ததும் கேரியரைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடி வருவாள். "சித்தி, கீழ பாக்காதிய, நேரா பாருங்க" என்று ஒரு மாதம் தொண்டை வற்றக் கத்தினாள். எனக்கு முட்டி இரண்டிலும் தோல் பெயர்ந்தது. இத்தனை வருஷம் வெட்டிய காஜ் துணியின் அருமை அப்போதுதான் தெரிந்தது. பிரேக் பார்த்த கடைக்காரர், "பந்தயத்துக்குன்னா கேரியரக் கழட்டிருங்க, வெயிட்டு கொறையும்" என்றார். "அது கெடக்கட்டும்" என்றேன்.

இன்று கண்மாய் நிறையத் தண்ணீர். கிணற்றில் பழகியவளுக்கு நாலு கை போட்டதும் சுவர் வரவேண்டும். அங்கே வரவே இல்லை. உடம்பு பழைய பழக்கத்தில் தானே திரும்ப, புறப்பட்ட கரைக்கே வந்துகொண்டிருந்தேன். படகில் இருந்தவர், "யக்கா, இங்கிட்டு இல்ல, அங்கிட்டு போங்க" என்று துடுப்பை நீட்டி வழி காட்டினார். நனைந்த சுடிதார் கனத்தது. எப்படியோ கரையேறிவிட்டேன்.

பிறகு உன் சைக்கிள். சைக்கிள் புறப்படும் இடம் கண்மாய்க் கரைமேல் என்பதால் முதலில் இறக்கம். இளவட்டங்கள் சன்ன டயர் சைக்கிளில் பறந்தார்கள். நான் என் போக்கில் ஒன்பது கிலோமீட்டர் நன்றாகத்தான் போனேன். திரும்பி வரும்போது அதே கரை ஏற்றமாக எதிரே நின்றது. பார்த்ததும் குதித்து இறங்கினேன். பின்னால் போனேன். கேரியரைப் பிடித்துத் தள்ளினேன்.

இரண்டடி போனது. ஹேண்டிலைப் பிடிக்க ஆளில்லாமல் ஒருக்களித்து ரோட்டோரச் சேற்றில் விழுந்தது.

பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பந்தயம் நடத்துகிறவர்களின் ஆள், "என்னம்மா, யாரு ஓட்டுதான்னு தள்ளுதிய?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை. நீ இல்லை என்று ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த ஏற்றத்தில்தான் அதை நம்பினேன்.

"வண்டில ஏறிக்கிடுதியளா? பதினோரு மணிக்கு முடிச்சிருவாவ" என்றார் அவர். வேண்டாம் என்றேன். சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, மெத்தையில் ஒட்டிய சேற்றைத் துப்பட்டாவால் துடைத்தேன். சீட்டில் ஏறி, எழுந்து நின்று, கரையின் உச்சிவரை மிதித்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நல்ல நெஞ்சுக்கே இந்தப் பாடென்றால் உனக்கு எப்படி இருந்திருக்கும்? மன்னித்துக்கொள், ஜீனத். நான் பார்த்திருக்க வேண்டும்.

ஓட்டத்தை ஓட்டம் என்று சொல்ல முடியாது, பாதி நடைதான். ஒரு நாயும் துரத்தவில்லை. கடைசி ஆள் நான்தான். மேசையை மடக்கத் தொடங்கியிருந்தார்கள். பதினோரு மணிக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. நஸ்ரின் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "செயின் கவரெல்லாம் சேறு. அவ பாத்தா ஏசியிருப்பா" என்றார். பிறகு பூட்டுச் சாவியை என் கையில் வைத்தார். "நீயே வச்சுக்கம்மா. ஓடுற சைக்கிளாவே இருக்கட்டும்."

நாளை எட்டு மணி ஷிப்டுக்கு அதில்தான் போகிறேன். மெத்தையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். கேரியரை ஒருநாளும் கழற்ற மாட்டேன். நீ ஏறி உட்கார்ந்துகொள். கதையை நீ சொல், நான் கேட்டுக்கொண்டு வருகிறேன். கண்மாய்க் கரை ஏற்றம் வந்தாலும் இறங்கிவிடாதே. நான் மிதித்துக்கொள்வேன்.

பத்தொன்பது வருஷம் உன் முதுகைப் பார்த்தபடியே வந்த தங்கச்சி,
பேச்சியம்மாள்