பலகைக் கோயிலுக்கு எண்ணெய்

அண்ணி,

முந்திரிக்கொட்டை எண்ணெய் டின் பின்பக்கம் இருக்கிறது. சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியும் அதன் நெடி சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்த உங்கள் தம்பி வாசலிலேயே நின்று, "அக்கா வந்துகினு இருக்கிற மாதிரி இருக்குது" என்றார். நீங்கள் இல்லாமல் வரும் முதல் லெந்து நோன்புக் காலம் இது.

எண்ணெய் வாங்கக் காடாம்புலியூருக்கு நான் தனியாகத்தான் போய் வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர், "ஏம்மா, மேல பட்டா தோலு உரிஞ்சிடும்" என்று மிரட்டினார். "தெரியும், உரிச்சிகினவதான் நானு" என்றேன். உங்கள் வாய் எனக்கு வந்துவிட்டது, பாருங்கள்.

நான் இந்தச் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி உங்கள் கடற்கரை ஊருக்கு வந்து, மரத்தாலான அந்த லுத்தரன் கோயிலை முதன்முதலாகப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். படகைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. "சிரிக்காத. அது படகேதான்" என்றீர்கள். பழைய செங்கல் கோயில் புயலில் விழுந்ததையும், வரும் என்ற மிஷன் பணம் வராமலே போனதையும், ஊரார் உடைந்த தோணிகளைப் பிரித்து வீட்டுக்கு ஒரு பலகை கொடுத்ததையும் அங்கே நின்றபடியே சொன்னீர்கள். தோணிப் பலகைகளைக் கயிற்றால் தைத்த துளைகள் சுவரெல்லாம் இன்னும் இருக்கின்றன. பிரசங்கம் நீண்டால் அவை வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கரையான் அரிக்காமலிருக்க, தோணிக்குப் பூசுகிற எண்ணெயையே கோயிலுக்கும் பூச வேண்டும். தோணி ஆண்களுக்கு, கோயில் பெண்களுக்கு. அது ஊர் வழக்கம். வருடா வருடம் குருத்தோலை ஞாயிறு வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் மருமகளுக்கு ஒரு பலகை பங்கு. தேங்காயெண்ணெயைக் கையில் தடவிவிட்டு, எண்ணெய் பூசும் தென்னைநார் மட்டையைக் கொடுத்து, கிழக்குச் சுவரில் எனக்கும் ஒரு பலகையைக் காட்டினீர்கள். அப்படியும் மணிக்கட்டில் கொப்புளம் வந்தது. அந்தக் கறுப்புத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

பெஞ்சுக்குப் பூசிய வருடத்தை ஊரில் யாரும் மறக்கவில்லை. சுவரை முடித்த பிறகு மிச்சம் இருந்ததே என்று, சீக்கிரம் காய்வதற்கான மண்ணெண்ணெயைக் கலக்காமல், சனிக்கிழமை சாயங்காலம் பெஞ்சு எல்லாவற்றுக்கும் பூசிவிட்டீர்கள். மறுநாள் காலை உட்கார எல்லோரும் தயங்கினார்கள். "காஞ்சிடுச்சி, காஞ்சிடுச்சி. நான் உக்காந்து காட்றேன் பாருங்க" என்று கடைசி பெஞ்சில் சம்பிரமமாக உட்கார்ந்தீர்கள். உங்களை நம்பிப் பாதிச் சபை உட்கார்ந்தது. ஓசன்னா பாட எழுந்தபோதுதான் கிழிகிற சத்தம் கேட்டது! அன்றைக்கு ஆராதனை முழுக்க நின்றுகொண்டே நடந்தது. உங்கள் நீலப் புடவைக் கரை பெஞ்சோடு போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனை கை எண்ணெய் ஏறியும் அந்த நூல் தடம் மறையவில்லை.

"எதுக்கு அண்ணி இவ்ளோ பாடு?" என்று ஒருமுறை இங்கே உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் கேட்டேன். "குவார்ட்டர்ஸ் சாவிய ரிட்டையர் ஆனா திருப்பிக் குடுத்துடணும். மைன்ஸ்ல மண்ண தோண்டிகினேதான் இருப்பாங்க. நம்முதுன்னு நிக்கிறது அந்தப் பலகை வூடு ஒண்ணுதான்" என்றீர்கள். நீங்கள் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே போய்விட்டீர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

போன ஞாயிறு ஊர்க் கோயிலில் சபைக் கூட்டம் நடந்தது. செயலாளர் எழுந்து, "இடிச்சிட்டு காங்கிரீட் போட்டுடலாங்க. தப்பா நினைக்காதீங்க, எண்ணெய் பூச ஆளு எங்க இருக்குது? அந்தக்காவும் போயிட்டாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை; கேள்வியும் நியாயம்தான். போதகர் முடிவாகச் சொன்னார்: குருத்தோலை ஞாயிற்றுக்குள் பூசி முடித்தால் கோயில் நிற்கும், இல்லையென்றால் ஈஸ்டர் பண்டிகை கழித்துப் பிரித்துவிடுவார்கள்.

நான் எழுந்து, "எண்ணெய் வாங்கியாச்சுங்க" என்றேன். வாங்கவே இல்லை. கோயிலுக்குள் நின்று பொய் சொன்னேன். மறுநாள்தான் காடாம்புலியூருக்கு ஓடினேன். நான் சொல்லி வாய் மூடுவதற்குள் கோயில் மணியடிக்கிறவரின் மனைவி பின்னாலிருந்து, "அந்த வருசம் என் பொடவையுந்தான் போச்சு. நானும் வரேன்" என்றார். சபையே சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் கையையும் தூக்கினார்கள்.

அத்தனை சுவருக்கு அந்தக் கைகள் போதாது. எனக்கே தெரியும். அடுத்த வீட்டுத் திருநெல்வேலிக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "நானும் வாரேன்க்கா. எங்க ஊர்த் தேருக்கும் எண்ண போடுவாங்கல்லா" என்றாள். உங்கள் தம்பி லீவு சொல்லிவிட்டார். பெண்கள் வேலை என்ற வழக்கத்தை இந்த வருடம் நான் உடைக்கிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையே கிளம்புகிறோம். முடிக்காமல் திரும்ப மாட்டேன்.

ஒன்று மட்டும் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அந்தக் கடைசி பெஞ்சுக்கு நீங்களேதான் பூசி வந்தீர்கள். நான் தேய்த்தால் நீல நூல் போய்விடுமோ என்று, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட நினைத்தேன். நேற்று உங்கள் மட்டையை எடுத்து டின்னோடு சேர்த்துக் கட்டும்போது நீங்கள் கேட்பது காதில் விழுந்தது: "ஏன், கரையான் என்னப் பாத்து ஒதுங்கிப் போவுமா?"

போகாது அண்ணி. முதல் கை அங்கேதான்.