முட்டை உருளும் வீடு

டாட்மன் கோவ்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்சலைப் பிரித்ததும் முதலில் என் கண்ணில் பட்டது, உன் கறுப்புக் காலணியின் குதிகால் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுதான். தெருவுக்கு பூட்ஸ், வகுப்புக்கு மட்டும் இந்தக் காலணி என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாய். இத்தனை வாரம் பயிற்சி ஆசிரியையாகப் பாடம் எடுத்த பிறகும் அந்தச் சீட்டின் ஓரம்கூடத் தேயவில்லை. மேசைக்குப் பின்னால் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றிருக்கிறாய் என்று புரிந்தது. இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுத ஆசைதான், ஆனால் சுகமாக இருப்பவர்கள் காலணியை முன்னால் அனுப்பிவிட்டுத் தாங்கள் பின்னால் வருவதில்லை. இந்த மாதிரிக் கடிதத்தை அம்மாதான் பிள்ளைக்கு எழுதுவாள். இரண்டு வருடமாக இந்த வீட்டின் அடுப்பும் துணியும் அப்பாவும் என் பொறுப்பில் இருப்பதால் அந்த உரிமையையும் நானே எடுத்துக்கொள்கிறேன். நேரில் என்றால் இதில் ஒரு வரிகூட என் வாயிலிருந்து வராது, எழுதும்போதுதான் எனக்கு நாக்கு முளைக்கிறது, அதனால் பொறுமையாகப் படி.

முதலில் ஊர்ச் செய்தி. அப்பா மூன்று வேளையும் தேநீரோடு ஜன்னலருகே உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார். காட் மீன்களெல்லாம் கூட்டமாகத் திரும்பி வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்கும் என்று நினைக்கிறார் போல. மீன் பிடிக்கத் தடை போட்டு, மீன் ஆலையை மூடி, அரசு கொடுத்த மறுபயிற்சியில் உன்னைத் தவிர எல்லோரும் முடி வெட்டப் படித்தார்களா, இப்போது நம் ஊரில் தலைகளைவிடக் கத்தரிக்கோல்கள் அதிகம். போன வாரம் இரண்டு பேர் அப்பாவின் தலைக்குப் போட்டி போட்டு, ஆளுக்கொரு பக்கம் வெட்டியிருக்கிறார்கள். வலப்பக்கம் பாதிரியார், இடப்பக்கம் கைதி. நீ மட்டும் கல்யாணத்துக்கு முன் பாதியில் விட்ட பட்டத்தைத் தூசு தட்டி முடித்து, சரித்திர ஆசிரியை ஆகப்போகிறேன் என்று செயின்ட் ஜான்ஸ் நகரத்துக்குக் கிளம்பினாய். எதிர்வீட்டு ட்ரைஃபி அத்தை அன்றைக்கு, "நடந்து முடிஞ்சதைச் சொல்றதுக்கு ஒரு படிப்பா? அப்போ நான் பெரிய பேராசிரியர்டீ" என்றாள். இப்போது நீ திரும்பி வந்தால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது என்பதையும் கொஞ்சம் யோசித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அப்பாவிடம் சொன்னது முழுவதும் எனக்கும் கேட்டது. அப்பா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்பவர் என்பது உனக்கு மறந்துவிட்டது. தீவுகளைக் காலி செய்து மக்களை இந்தக் கரைக்குக் கொண்டுவந்த பாடம் எடுத்தாயாம். புத்தகத்தில் அதற்கு ஒரே பத்தி, அரசு உதவியது, மக்கள் சம்மதித்து இடம்பெயர்ந்தனர் என்று. அதை நீயும் கிளிப்பிள்ளையாக ஒப்பித்திருக்கிறாய். பின்வரிசைப் பையன் ஒருவன், "மிஸ், வீட்டையே கடல்ல கட்டி இழுத்துட்டுப் போனாங்களாமே, கக்கூஸையும் சேர்த்தா?" என்று கேட்க வகுப்பே சிரித்ததாம், நீயும் சேர்ந்து சிரித்தாயாம். பிறகு முன்வரிசைப் பெண், "நீங்களும் அந்த மாதிரி ஊரா மிஸ்?" என்று கேட்டதற்கு, "சேச்சே, நான் இந்தப் பக்கம்தான்" என்றாயாம். பிரமாதம். பதினோரு வயதில் பிறந்த தீவை விட்டுப் படகில் உட்கார்ந்து, தன் படுக்கையறை ஜன்னல் தனக்கு முன்னால் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே வளைகுடாவைக் கடந்தது வேறு யாரோ போலிருக்கிறது. அந்த ஜன்னலின் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அது ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை என்று சொல்லச் சொன்னது. அதற்கப்புறம் வகுப்பில் வாய் திறக்கவே பயமாக இருக்கிறது, வியாழக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து என் பாடத்தை மதிப்பிட வருகிறார்கள், அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னதற்கு அப்பா, "உன் இஷ்டம் வின்னி" என்றார். அவருக்கு எல்லாமே உன் இஷ்டம்தான். எனக்கு அப்படி இல்லை.

நேற்று சமையலறையில் முட்டை ஒன்று கை நழுவி மேசையிலிருந்து அப்பாவின் மடியில் விழுந்து, அங்கிருந்து தரைக்கு வந்து, உடையாமல் உருண்டது. எங்கே போயிருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டைக் கரையேற்றிய அன்றைக்கு அடிக்கட்டை சரியாக உட்காராமல் கோணிப்போன இந்தத் தரையில் எதை விட்டாலும் கடல் பக்கத்துக் கதவுக்குத்தானே போகும். இந்த வீட்டில் அந்தத் தீவுக்குத் திரும்ப ஆசைப்படுவது முட்டை ஒன்றுதான். அத்தை வீட்டில் ஒரு கிண்ணம்கூட உடையவில்லையாம், ரொட்டி மாவு அடுப்பின் மேல் உப்பிக்கொண்டே வளைகுடாவைத் தாண்டியதாம், நம் வீடுதான் கோணிவிட்டதாம், முப்பது வருடமாக இதே பெருமை.

அந்தப் பெருமையைக் கேட்கத்தான் நேற்று மாலை அவள் வீட்டுக்கு டர்னிப் நறுக்கிக் கொடுக்கப் போனேன். "ஏன் அத்தை தீவை விட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். ஆமாம், நானாகத்தான் கேட்டேன், மயக்கம் போட்டுவிடாதே. "கவர்மென்ட் சொன்னாங்க, வந்தோம்" என்றாள். உன் புத்தகத்தில் இருக்கும் அதே வரி. உன்னைப் போல ஒரு ஆசிரியை என்றால் சரி உட்காருங்கள், அடுத்த கேள்வி என்று போயிருப்பாள். நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை. கெட்டில் கொதித்து அடங்கியது. அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாள், "கவர்மென்ட் என்னடீ கவர்மென்ட். வாத்தியாரம்மா போயிட்டா. ஒரு குளிர்காலம்கூட முழுசா இருக்கல. பிள்ளைங்களைப் பார்த்தா பயமா இருக்குன்னு பெட்டியை முன்னாடி அனுப்பிட்டு பின்னாடியே படகேறிட்டா. வேற ஆளே வரல. பள்ளிக்கூடம் இல்லாத ஊர்ல பிள்ளைங்களை எப்படி வெச்சுக்கறது? ஊரைக் காலி பண்ண உங்க தாத்தாதான் முதல்ல கையெழுத்துப் போட்டார், உங்க அம்மா படிக்கணும்னு." இது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே காலணியை முன்னால் அனுப்பினாய் என்றால் உன் சரித்திர அறிவை மெச்சுகிறேன். ஒரு ஆசிரியை மூட்டை கட்டியதில் ஒரு தீவே காலியாயிற்று. நீயும் கட்டு, நகரத்துக்காரர்கள் செயின்ட் ஜான்ஸை எங்கே இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னிடம் இதைப் பற்றிப் பேசாதே. நான் பள்ளியை விட்டது வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காக என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். வீட்டை அப்பாவே பார்த்துக்கொண்டிருப்பார், மோசமாகத்தான், ஆனால் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு ஆசிரியரும் கேள்வி கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் அடுத்த பிள்ளையைக் காட்டிவிடுவார்கள். பதில் எனக்குத் தெரியும் அம்மா, பெரும்பாலும் தெரியும். உன் வகுப்பிலும் ரப்பரையே பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். நீ அனுப்பிக் காட்டினாயே அந்தப் பாடத்திட்டம், அறிமுகம் ஐந்து நிமிடம், கலந்துரையாடல் பத்து நிமிடம் என்று கட்டம் கட்டி, அதில் சும்மா இருக்க ஒரு கட்டம் போடு. வியாழக்கிழமை அந்த வகுப்புக்கே போய், இழுத்துவந்த வீட்டில்தான் வளர்ந்தேன், கக்கூஸ் வரவில்லை, அது வீட்டுக்கு வெளியே இருந்தது என்று அந்தப் பையனுக்கு மரியாதையாகப் பதில் சொல். முட்டையைப் பற்றிச் சொல். ஏன் வந்தோம் என்று அவர்களையே கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நில்.

காலணியைத் துடைத்து மெருகேற்றி நகரத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் இன்றைய டாக்ஸியிலேயே திருப்பி அனுப்புகிறேன். கூட பார்ட்ரிட்ஜ்பெர்ரி ஜாம் ஒரு பாட்டிலும் பொரித்த மீன் கேக்கும் இருக்கிறது. வெறும் டோஸ்ட் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. காதை மூடும் தொப்பியைப் போட்டுக்கொள், அது அழகாக இல்லை என்பது எனக்கும் தெரியும். நீ தைரியமாக நின்று நல்ல பெயர் எடுக்க அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். ஈஸ்டருக்கு வா. அதற்கு முன்னால் இந்த வீட்டில் உனக்கு இடமில்லை, தரை வேறு சரிவாக இருக்கிறது.

ஆசிகளுடன்,
தற்காலிக அம்மா,
கொரீனா.

பி.கு. டாக்ஸி வந்துவிட்டது, அதன் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதுகிறேன். உள்ளே ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் சிரிலிடம், "இதை அம்மா கையிலதான் குடுக்கணும். திருப்பிக் குடுத்தா வாங்காதீங்க" என்றேன். "அட, ஹெட்லி பொண்ணு பேசுமா!" என்று அப்பாவின் பெயரையும் இழுத்தார். முகம் சுட்டது, ஆனாலும் இன்னொரு தடவை சொன்னேன். பிறகு காலணியை அவரிடமிருந்து திரும்ப வாங்கி, குதிகாலில் இருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.