வேண்டாம் என்று அடித்த நான்கு மூடிகள்

மார்ச் 4, திங்கள்

காலையிலிருந்து எரிச்சல். பல் கிளினிக்கின் பின்னறையில் யாருக்கோ நான்கு செயற்கைப் பல் செய்தேன், டாக்டர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். "இன்னும் கொஞ்சம் மஞ்சளா இருக்கட்டும்மா." மஞ்சளாம்!

வீட்டுக்கு வந்து கார் ஷெட்டைத் திறந்தால் கொழுந்தன், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல், கூடுதல் பாகங்களின் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருக்கிறான். தாள் முழுக்க எண்ணெய் விரல். நானும் அவனும் சேர்ந்து கட்டுகிற இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கு வால் முடிந்துவிட்டது, இனி இறக்கை. கம்பெனி அனுப்பும் பெட்டியில் வருவது வெறும் இறக்கைதான். மற்றதை இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். அடிப்பக்கத் தகட்டை ரிவெட் ஆணி அடித்து மூடிவிட்டால் அவ்வளவுதான்.

நான் கேட்டது: நுனியில் மினுக்கும் விளக்கு, முன்விளிம்பில் ஒரு பெரிய விளக்கு, பெரிய எரிபொருள் தொட்டி. அவன் கேட்டது ஒன்றே ஒன்று, இறக்கையின் அடியில் தட்டு அளவுக்கு நான்கு வட்ட மூடி. கழற்றி உள்ளே பார்க்கவாம்.

"எதுக்கு?"

"ஏதாச்சும் பாக்க வேண்டி வந்தா, அண்ணி."

"செய்யும்போதே ஒழுங்காச் செஞ்சா அப்புறம் என்னத்தைப் பாக்கறது?"

"மனுஷங்கதானே நாம."

பஸ் பட்டறையில் வேலை பார்க்கிறவன் பேச்சு! ஒட்டுத் தெரியாமல் பல் செய்கிறவள் நான். என் இறக்கைக்கு வயிற்றில் நாலு ஓட்டையா? சீ! தாள் கிழிகிற மாதிரி அந்த வரியை அடித்தேன்.

மார்ச் 9, சனி

விளக்குகளுக்கும் தொட்டிக்கும் சொல்லியாகிவிட்டது. "தரையில நிக்கிற ப்ளேனுக்கு மினுக்கு லைட்டு ஒரு கேடா?" என்கிறார் என் வீட்டுக்காரர். பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும்.

மார்ச் 24, ஞாயிறு

ரிவெட் இரண்டு ஆள் வேலை. வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியை அழுத்த, உள்ளே கை விட்டு இன்னொருவர் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுக்க வேண்டும். துப்பாக்கி நான், கட்டி அவன். அடித்த ஒவ்வொன்றின் பின்புறத்தையும் என் பல் பார்க்கும் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்க்கிறேன்.

அவனைப் பார்த்தால்தான் குமட்டுகிறது. மல்லாந்து படுத்து, முழங்கை வரை உள்ளே விட்டு, வியர்வையைத் தகட்டில் சொட்டவிடுகிறான். நீல வேலைச் சட்டையின் பை நிறைய ஸ்க்ரூ. குனிந்தால் கொட்டுகிறது. "பையக் காலி பண்ணித் தொலையேன் தம்பி!" சிரிக்கிறான். "சரி அண்ணி." என்ன சரியோ.

மார்ச் 30, சனி

இன்று ஸ்க்ரூவை ஒரு தகர டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தான். காது கிழிகிறது. ஒரு தொல்லை போனால் இன்னொன்று.

ஏப்ரல் 6, சனி

இடது இறக்கையை மூடினோம். அடிவயிற்றைத் தடவிப் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை. பளபளவென்று என்ன அழகு!

ஏப்ரல் 8, திங்கள்

பல் கண்ணாடியின் தலையைக் காணோம். ஏப்ரன் பையில் கைப்பிடி மட்டும். கிளினிக்கில் கருவிகள் கழுவுகிற அக்கா சிங்க்கில் விட்டிருப்பார். நன்றாகத் திட்டினேன். "நான் பாக்கவே இல்லம்மா" என்று அழுகை வேறு. அழுதால் கண்ணாடி வந்துவிடுமா?

ஏப்ரல் 13, சனி

இறக்கையைத் தாங்கியில் ஏற்றத் தூக்கினோம். உள்ளே கலகல. சாய்த்தால் அந்தப் பக்கம் உருள்கிறது, நிமிர்த்தினால் இந்தப் பக்கம். இறக்கையின் பின்விளிம்பை அசைக்கும் தண்டு உள்ளேதான் ஓடுகிறது. மேலே போன பிறகு இந்தச் சனியன் அதில் போய்ச் சிக்கினால்? நாங்கள் இரண்டு பேரும்தானே உட்காரப்போகிறோம்.

"உன் சட்டைப் பையிலேருந்து விழுந்ததுதான்."

"இல்ல அண்ணி, என்கிட்ட..."

நெஞ்சில் கை வைத்து ஏதோ சொல்ல வந்தான். நான் விட்டால்தானே. அழுக்குப் பிடித்தவன், பொறுப்பில்லாதவன், உன்னை நம்பி உயிரை விடவா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். இனி ஷெட் பக்கம் வராதே என்றும் சொன்னேன். கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

"தம்பி போன் எடுக்க மாட்டேங்கறான். நீயாச்சும் பேசேன்" என்கிறார் வீட்டுக்காரர். நானா? எதற்கு?

ஏப்ரல் 20, சனி

விமானப் பரிசோதகர் வந்தார். இறக்கையை ஒரு ஆட்டு ஆட்டினார். "சத்தம் போடற இறக்கைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா. மூடியக் கழட்டுங்க, பாக்கலாம்."

மூடி இல்லை என்றேன்.

"வாங்கலையா? எல்லாரும் முதல்ல அதைத்தானே வாங்குவாங்க?"

இறக்கை நுனி வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தார். பெரிய தொட்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் ஆசைப்பட்டுக் கேட்ட அதே தொட்டி. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏப்ரல் 27, சனி

ஒரு மூடி வந்தது. வட்டம் வரைந்து வெட்டினேன். என் இறக்கையின் வயிற்றில், என் கையால். ஓட்டையில் கை விட்டுத் துழாவினேன்.

சின்னதாக, வட்டமாக... என் பல் கண்ணாடியின் தலை.

சீ. சீ! இத்தனை நாளா யாரைப் போட்டு இப்படித் திட்டிட்டிருந்தேன்? கடைசி வரிசையில் கண்ணாடியை விட்டு இழுத்தபோது ஏதோ இடறியது, ஞாபகம் இருக்கிறது. அழகு பார்க்கிற அவசரத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டேன். மேசையில் அவன் கையுறை அப்படியே கிடக்கிறது. என்னைப் பார்த்தே எனக்குக் குமட்டுகிறது.

ஏப்ரல் 29, திங்கள்

காலையில் கிளினிக் அக்காவிடம் சொன்னேன். "பரவால்ல" என்று அவர் சொல்லவில்லை. "அன்னிக்கே சொன்னேன்ல" என்றார். சொன்னார்தான்.

மாலையில் பஸ் பட்டறை. ஒரு பஸ்ஸுக்கு அடியில் அவன் கால் மட்டும் தெரிந்தது. குனிந்து கையை நீட்டிக் கண்ணாடித் தலையைக் காட்டினேன். சிரிப்பான், இல்லை கத்துவான் என்று நினைத்தேன்.

"உள்ள எதையாச்சும் கீறியிருக்கா அண்ணி?"

அதைத்தான் முதலில் கேட்டான். "மன்னிச்சிடு தம்பி" என்று நான் சொன்னது அவன் காதில் விழுந்ததோ என்னவோ.

"இன்னும் மூணு மூடி வாங்கணும்ல?" என்றான்.

மே 12, ஞாயிறு

நான்கு மூடியும் உட்காரும் வளையங்களை ரிவெட் அடித்தோம். துப்பாக்கியை அவனிடம் கொடுத்துவிட்டு, கட்டியோடு நான் அடியில் படுத்தேன். என் வியர்வை தகட்டில்தான் சொட்டியது.

கீழே கிடந்தபடி பார்த்தேன். அவனுடைய அதே நீல வேலைச் சட்டை. பை இருந்த இடத்தில் தையல் தடம் மட்டும்.

"பையை எப்போ பிரிச்சே?"

"மார்ச்லயே அண்ணி. நீங்க சொன்ன மறுநாளே."