மழையில் சோதிக்காத சைரன்

வியாழன், இரவு

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து அப்பாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

எங்கள் தோட்டத்து லயத்துக்கு மேலே, மண்சரிவுக்கு முன் எச்சரிக்க மண்மேட்டில் வைத்திருக்கும் மழை சைரனில் பிழை இருக்கிறது. பிழை என்னுடையது. மழை அளக்கும் சிறு கிண்ணம் நிறைந்து கவிழும்போதெல்லாம் சைரனை இயக்கும் குட்டிக் கணினிப் போர்டின் கர்னலுக்கு, அதாவது அதன் அடிப்படை நிரலுக்கு, 'உடனே கவனி' என்று ஓர் இன்டரப்ட் போகும். அதை வாங்கும் நிரல்பகுதி தயாராவதற்கு முன்பே நான் இன்டரப்டைத் திறந்துவிட்டேன். அந்த இடைவெளியில் கிண்ணம் கவிழ்ந்தால் எல்லாம் உறைந்துபோகும். வகுப்பறையில் போர்டு ஓடத் தொடங்கிய பிறகுதான் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். பத்துத் தடவையில், அவசரப்பட்டு முன்னாலேயே ஊற்றிய ஒரே ஒரு தடவைதான் அது நின்றது.

இன்று பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கும் ஐசிடி சேரிடம் மறுபடியும் சொன்னேன்.

"பத்துல ஒன்னுதானே பிள்ள, அதுக்கா இந்தப் பாடு? மாத்தப் போயி ஓடுறதையும் கெடுத்துறாத" என்றார்.

நிரலில் இரண்டு வரியை இடம் மாற்றினால் போதும் என்றுதானே ஒரு வாரமாகக் கத்துகிறேன்!

அப்பாவோ, "எம்மக செஞ்ச சைரன் இருக்கு, பயப்படாம தூங்குங்க" என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். எல்லோரும் தூங்குகிறார்கள்.

மழை விடவில்லை. சற்று முன் கரண்ட் போய் வந்தது. அப்படியென்றால் போர்டு கொட்டும் மழையிலேயே மறுபடி தொடங்கியிருக்கும். சைரன் சத்தம் இல்லை. மழை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லையா, இல்லை உறைந்துவிட்டதா? அப்பாவை எழுப்பி எப்படிச் சொல்வது—

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவைத்தான் கூப்பிடுகிறா—