வயலில் கட்டிய ஒரிஜினல்கள்

புது டிஸ்க் டப்பாவைத் திறந்ததும் ஒரு வாசனை வருமே, பிளாஸ்டிக்கும் மருந்தும் கலந்த மாதிரி, அது போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் வந்தது. அடுப்படியில் இருந்தவள் கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு ஓடி வந்துவிட்டேன். நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். உட்கார்ந்திருந்தது உங்கள் மகள். லாப்டாப்பில் டிஸ்க் எழுதுகிற பெட்டி ஒன்றை ஒயரில் மாட்டி வைத்திருந்தாள். "பென்டிரைவ் திடீர்னு போயிடும்மா. நம்ம வீடியோவ டிஸ்க்ல ஒண்ணு, வேற இடத்துல ஒண்ணுன்னு வைக்கணும்" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இவளுக்கு? நீங்கள் போனபோது இவளுக்கு ஐந்து வயது.

உங்களுக்கு கம்பெனியில் நாள் முழுக்கப் பாகங்களை அளந்து பாஸ், ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. முதல் ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டிலும் அதே வேலைதான். கேமராவில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் டிஸ்க்கில் எழுதுவீர்கள். எழுதியது சரியா என்று இன்னொரு தடவை ஓட விட்டுச் சரிபார்ப்பீர்கள். டிஸ்க் முகத்தில் பேனா படக்கூடாது, நடுவில் இருக்கிற வளையத்தில்தான் தேதி எழுதவேண்டும், படுக்க வைக்கக்கூடாது, நிறுத்தித்தான் வைக்கவேண்டும். பெற்ற பிள்ளையைக்கூட இத்தனை பதவிசாகத் தூக்கியதில்லை நீங்கள்.

ஒரு டிஸ்க்குக்கு அரைமணி நேரப் படம்கூட வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்க தங்கச்சி கல்யாணமே முழுசா ஒரே டிஸ்க்ல அடங்கிடுச்சு. நம்ம புள்ள தவழ்றதுக்கு நாலு டிஸ்க்கா?" என்று கேட்டேன் ஒரு நாள். நீங்கள் நிமிரக்கூட இல்லை. "அது சுருக்குனது. ஒருக்கா சுருக்கிட்டா போனது போனதுதான் புள்ள, திரும்ப வராது. இது ஒரிஜினல், இருக்கட்டும்" என்றீர்கள்.

அத்தனை எடுத்தீர்களே, ஒன்றிலாவது நீங்கள் இருக்கிறீர்களா? கெலவரப்பள்ளி அணைக்குப் போனதில் நான் இருக்கிறேன், பாப்பா இருக்கிறாள், பொரி விற்கிறவர்கூட இருக்கிறார். நீங்கள் கேமராவுக்குப் பின்னால். "குடுங்க, நான் எடுக்கறேன்" என்று கேட்டால், "உனக்குக் கை ஆடும்" என்பீர்கள். படம் முழுக்க உங்கள் குரல்தான் நடந்து வரும். அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அப்புறம் அந்தக் காலை. கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதை எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

வருஷ திதிக்கு எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு டிஸ்க் வேண்டும் என்று உங்கள் வீட்டில் கேட்டார்கள். நம் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குப் போனேன். அங்கே ஒரு ஸ்டூடியோக்காரர் பெட்டியை மாட்டி, முதல் வீடியோவைத் திறந்தார். அந்தச் சின்ன ஏசி ரூமுக்குள் நீங்கள் பேசினீர்கள். சத்தியமாக என்னால் தாங்க முடியவில்லை. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் பயந்துபோனார். தண்ணீர் கொடுத்துவிட்டு, "பின்னாடி பாட்டு போட்டுடலாம்க்கா. பேச்சு எதுவும் கேக்காது. எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல அடக்கியும் தந்துடறேன்" என்றார். "போடுங்க" என்றேன். சொன்னது நான்தான், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரிஜினல்தான் வீட்டில் இருக்கிறதே, மனசு கொஞ்சம் திடப்பட்டதும் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திடப்பட ரொம்ப நாள் ஆனது. அதற்குள் பாப்பாவோடு பாரூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். கம்ப்யூட்டர் புகைந்து ஒரேயடியாக நின்றுபோனது. ஒரு நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் டிஸ்க்குகளை எடுத்தேன். டிவிக்குக் கீழே இருந்த ப்ளேயரில் ஒன்றைப் போட்டேன். ஓடவில்லை. முந்தானையால் துடைத்து இன்னொன்று. ஓடவில்லை. நாற்பது டிஸ்க்கையும் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூட ஓடவில்லை. நாளாகி எல்லாம் கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டினேன். "ஓடலன்னா ரிஜெக்ட், அதுல என்ன யோசன?" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கும்போதுகூட அதே பேச்சுதானே உங்களுக்கு! ஓடாததை ரிஜெக்ட் செய்யப் பழக்கியது நீங்கள்தான். நான் செய்தேன்.

நெல் பால் பிடித்திருந்த நேரம் அது, குருவி வந்து கொத்திக்கொண்டிருந்தது. குருவியை மிரட்ட ஊரில் எல்லாரும் பழைய டிஸ்க்கைத்தான் வயலில் கட்டுவார்கள். என் அண்ணன் குச்சி நட்டார், நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சணல் கோத்தேன். காற்றில் அவை திரும்பித் திரும்பிப் பளபளத்தன. உங்கள் டிஸ்க் இதற்காவது ஆச்சே என்று எனக்கு அன்று மனசு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்புறம் திரும்ப இங்கேயே வந்து, நானும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். போன ஞாயிறு இவள் கேட்டாள், "ஸ்டூடியோ டிஸ்க்ல மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா இருக்கே, ஒரிஜினல் எங்கம்மா?" ப்ளேயரில் போட்டுப் பார்த்ததைச் சொன்னேன், சணல் கோத்ததைச் சொன்னேன்.

"அம்மா, அப்பா ஃபைலா எழுதி வெச்சிருக்காரு. அந்தப் ப்ளேயர்ல அது ஓடாது. கம்ப்யூட்டர்லதான் ஓடும்."

"அப்ப அதெல்லாம்?"

"நல்லாத்தாம்மா இருந்திருக்கும்."

அண்ணனுக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் ரெண்டு போகத்துலயே வெயில்ல உரிஞ்சு வெறும் கண்ணாடி ஆயிடுச்சு. அப்பவே அள்ளிப் போட்டாச்சு, ஏம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் சோறு குழைந்தே போனது. நம் மகள் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா வாய்ஸ் எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொன்னதே இல்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பாட்டு டிஸ்க்கையே போடச் சொல்லி, சத்தத்தை முழுக்கக் குறைக்கச் சொன்னேன். படம் ஓட ஓட நான் உங்களுக்காகப் பேச ஆரம்பித்தேன். இங்கே அப்பா, "மொட்ட போட்டாலும் அழகுதான்"னு சொன்னாரு. இங்கே பொரிக்காரர்கிட்ட கன்னடத்துல பேரம் பேசினாரு. இங்கே உன்னை, "இட்ரா பங்காரு"ன்னு கூப்பிட்டாரு, இங்க வா தங்கம்னு அர்த்தம். உங்கள் வீட்டுத் தெலுங்கு என் வாயில் எப்போது ஒழுங்காக வந்தது? அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் போனில் பதிந்துகொண்டே வந்தாள்.

பின்கட்டில் எடுத்தது வந்தது. பாப்பா பிளாஸ்டிக் டப்புக்குள் உட்கார்ந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறாள். திடீரென்று கேமராவை நிமிர்ந்து பார்க்கிறாள். நீங்கள் என்னவோ சொல்கிறீர்கள். அவள் அப்படியே மல்லாந்து விழுந்து சிரிக்கிறாள். துணி துவைத்துக்கொண்டிருந்த நான்கூடத் திரும்பி, சோப்புக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன்.

"இங்க என்னம்மா சொன்னாரு?"

எனக்கு நினைவில்லை.

மறுபடி ஓட்டினாள். மூன்று தடவை, நான்கு தடவை. நீங்கள் சொல்லக்கூடியதையெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், எதுவும் அந்தச் சிரிப்புக்குப் பொருந்தவில்லை. "சும்மா எதாவது சொல்லும்மா, பரவால்ல" என்றாள். உங்கள் வாயில் இல்லாத ஒன்றை வைக்க எனக்கு மனசு வரவில்லை. "தெரியல சாமி" என்றேன். போனை அணைக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் அணைத்துவிட்டு என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

சொன்னது மறந்துவிட்டதே தவிர, குரல் மறக்கவில்லை. கம்பெனியில் பேக்கிங் டேபிளில் நிற்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, "ஏய் புள்ள" என்று கூப்பிடுகிறீர்கள். அந்த லேசான கரகரப்பு, கடைசியில் இழுக்கிற இழுப்பு எல்லாம் அப்படியே கேட்கிறது. இப்போது அது இருப்பது என் காதில் மட்டும்தான். அவளுக்கு எடுத்துக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. நான் போகிற அன்றைக்கு அதுவும் என்னோடு போய்விடும். அதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.